நான்கு மூலைக் கல்

முழங்காலிட்டு, கன்னத்தை டிவியின் சட்டத்தோடு ஒட்டவைத்து, ஒற்றைக் கண்ணால் படத்தின் ஓரத்தை நோட்டம் விடுகிறார் எதிர்வீட்டு சர்வேயர். அவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். இடுப்பிலிருக்கும் அளவுநாடா இன்னும் பெறவில்லை. வந்த விருந்தாளி நாற்காலியைச் சற்றே நகர்த்திப் போட்டால், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, அளந்து பழைய இடத்திலேயே போட்டபிறகுதான் நலம் விசாரிப்பார்.

மருமகன் வாங்கித் தந்த மீடியா பிளேயரை மாட்டிய நாள்முதல் படம் திரைக்குள் அடங்காமல் நான்கு பக்கமும் வெட்டுப்படுகிறது. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர் என்றார் மருமகன், போனில். சர்வேயர் ஏற்கவில்லை.

“அது அவங்க வெச்ச பேரு மாப்ள. எங்க டிபார்ட்மென்ட்ல இதுக்கு ஆக்கிரமிப்புனு பேரு.”

செய்தியின் கீழ்வரி பாதி மறைந்ததில் ழகரங்களெல்லாம் வாலறுந்து மகரங்களாகிவிட்டன. அந்த வீட்டில் கொஞ்ச காலமாக மமைதான் பெய்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது மகளின் கல்யாண வீடியோ.

கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மகள் பேனாவை எடுக்கிறாள். சொந்தபந்தம் மொத்தமும் சுற்றி நிற்கிறது. அப்பாவைக் காணோம். வாசலில் எவனோ காரைக் கோணலாக நிறுத்தியதற்குச் சண்டை பிடிக்கப் போய்விட்டார் என்பது மனைவியின் கட்சி. இடது ஓரத்தில்தான் நின்றேன், டிவி தின்றுவிட்டது என்பது இவர் கட்சி. அம்மையார் இதை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்க, ஒரு தகப்பனின் மானம் இரண்டு விரற்கடை ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நேற்று சாட்சிக்கு என்னை அழைத்தார். படத்தைத் திரைக்குள் அடக்க பிளேயரின் அமைப்புகளில் ஓர் இடம் உண்டு. திரையின் மூலைகளில் சிறு குறிகள் தெரியும். அவை முழுதாகக் கண்ணில் படும்வரை ரிமோட்டால் உள்ளே தள்ள வேண்டும். எல்லைக்கல் நடுகிற முகத்தோடு தள்ளினார். ஓர் அழுத்து, கிட்டே போய் ஒரு பார்வை, மறுபடி ஓர் அழுத்து. எதிர்க்கட்சி சோபாவில் சாய்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தது.

வீடியோ ஓடியது. மகள் பேனாவை எடுத்தாள். இடது ஓரத்தில், புதிதாக மீட்கப்பட்ட நிலப்பரப்பில், ஒரு முழங்கை முளைத்தது. வெறும் முழங்கை. அதற்குமேல் ஆள் இல்லை. படத்தின் எல்லையே அங்கேதான்.

“பாத்தியா?”

“அது என் தம்பி கைங்க. நீங்கதான் வாசல்ல நின்னு கத்திக்கிட்டிருந்தீங்களே.”

சர்வேயர் படத்தை அப்படியே நிறுத்தினார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, முழங்கையை மடக்கித் திரையிலிருந்த முழங்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கோணம் சரியில்லை என்று கணவரின் கையைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.