மாமா நீட்டிய தட்டு

பதுளைக் கடைத்தெருவில் யாராவது கற்பூரப் பொட்டலத்தைப் பிரித்தால் போதும், அந்த நெடி என்னைப் பிடித்திழுத்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கும் மாரியம்மன் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அன்றைக்குத் தோட்டத் தலைவர் தேர்வு. தொழிலாளர் பக்கம் நின்று துரையிடம் பேசுகிறவர் தலைவர். தலைவர் பதவிக்கு நிற்பவர் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். பிறகு சனம் கை தூக்கும். வேறு சட்டம் எங்களிடம் இல்லை.

நின்றவர்களில் ஒருவன் சிறைக்குப் போய் வந்தவன். குடிவெறியில், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியால் என் தாய்மாமாவின் இடக்கையை வெட்டியவன். மாமாவுக்கு இரண்டு விரல்கள் போயின. திரும்பி வந்தபின் அவன் குடியைத் தொடவில்லை. யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் அவன்தான் கூடப் போவான்.

"ஜெயிலுக்குப் போன கையில கற்பூரமா? ஆத்தா பொறுப்பாளா?" என்று கோயில் கமிட்டிக்காரர் கற்பூரத் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஆமாங்க, நீங்க ரொம்ப சுத்தம்! என் கோழி எங்க போச்சுன்னு ஆத்தாகிட்ட கேக்கவா?" என்றாள் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருத்தி.

சிரிப்பு அலையடித்து ஓய்ந்தது. அவன் தலை நிமிரவில்லை. கற்பூரம் உருகிக்கொண்டிருந்தது.

மாமா எழுந்தார். பீடியை மிதித்தார். கமிட்டிக்காரரிடமிருந்து தட்டை வாங்கி அவன்முன் நீட்டினார், அந்த மூன்று விரல் கையால். சாமி காரியத்துக்கு இடக்கை ஆகாது. போனில் படம் பிடித்த பிள்ளைகள் கையை இறக்கிவிட்டார்கள்.

"வெட்டுப்பட்டது என் கை. அதுக்கு இவன் உள்ள இருந்துட்டு வந்துட்டான். இன்னும் எத்தன தடவ உள்ள போடுவீங்க? நிக்கட்டும். ஆனா என் ஓட்டு இவனுக்கு இல்ல."

மாமா அவனை மன்னிக்கவில்லை, இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்காமலே ஒருவனுக்கு வழி விட்டு நிற்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! மலைகளுக்கு நடுவே பிறந்தவன் நான். அன்றைக்கு என் மாமாவைத்தான் அண்ணாந்து பார்த்தேன்.

அவன் கற்பூரத்தை அணைத்தான். கைகள் எழுந்தன, காற்றில் கொழுந்து சிலிர்ப்பதுபோல் வரிசை வரிசையாக. திரும்பிப் போய் உட்கார்ந்த மாமாவின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. அவன் ஜெயித்தான்.

கூட்டம் கலையும்போது ஓடிவந்து மாமாவின் காலைத் தொடக் குனிந்தான். மாமா சட்டென்று விலகினார்.

"இந்த வேலையெல்லாம் எங்கிட்ட வேணாம். லயத்துப் பீலியில தண்ணி நின்னுபோச்சு. காலையில பேர் கூப்பிடற பெரட்டுக்குத் துரை வருவாரு. அவருகிட்ட கேளுங்க, தலைவரே."