சித்தி வேலைக்கு ஆள் வைத்தாள்

என் சித்திக்கு யாரையும் வேலை ஏவத் தெரியாது. பூனை நாற்காலியில் படுத்திருந்தால் அதை எழுப்ப மனம் வராமல் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிற ஆள் அவள். அவளுடைய அக்காவான என் அம்மாவோ, பேருந்தில் போனால் ஓட்டுநருக்கே வழி சொல்வாள். "ரெண்டு பேரும் ஒரே வயித்துலதான் பொறந்தீங்களா?" என்று சித்தப்பா கேட்காத நாள் இல்லை.

சித்தி திரைச்சீலை தைப்பவள். மருந்துக் கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் நடுவில் நீளமாக ஓர் அறை. முன்னால் துணி வெட்டும் மேசை, சன்னலை ஒட்டித் தையல் மெஷின், பின்னால் பலகைத் தடுப்புக்குள் ஒரு சின்ன அடுப்பு. வீடு வீடாகப் போய்ச் சன்னலை அளப்பாள், துணி வெட்டுவாள், மடிப்பு வைத்துத் தைப்பாள். தைத்ததைத் தோளில் சுமந்துகொண்டு போய், ஏணியில் ஏறிச் சுவரைத் துளைத்து, கம்பி மாட்டித் தொங்கவிட்டு வருவாள். எல்லாம் அவள் ஒருத்தியே.

ஒருநாள் யார் வீட்டிலோ ஏணி வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு மறுநாளும் கடையைத் திறந்தவளைப் பார்த்து அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"ஒரு ஆளை வைடின்னு எத்தனை வருஷமா கத்திக்கிட்டிருக்கேன்? கழுத்து முறிஞ்சாத்தான் கேப்பியா?"

"ஆள் வச்சா வேலை சொல்லணுமேக்கா."

"சொல்லத்தானே வைக்கிறது!"

கல்யாணத்துக்கு முன்னால் சித்தி ஒரு துணித் தொழிற்சாலையில் மெஷின் மிதித்தவள். அங்கே மேற்பார்வையாளர் ஒருவர் பின்னால் வந்து நின்று மேசையில் ஓங்கித் தட்டுவாராம். தட்டும்போதெல்லாம் ஊசி விரலில் ஏறிவிடும் என்று சொல்லியிருக்கிறாள். நாம் யாருக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்ற பயம் அவளுக்குள் ஆழமாக உட்கார்ந்திருந்தது.

அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் கடைசியில் கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினாள். 'ஏணி ஏறத் தெரிந்தவர்கள், நேரமும் மனமும் இருந்தால், உள்ளே வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம்' என்று எழுதியிருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "வேலைக்கு ஆள் தேடுறியா, பேச்சுத் துணைக்குத் தேடுறியா?"

அந்தத் தாளைப் பார்த்து உள்ளே வந்தவர் ஓர் ஆஜானுபாகு. நரைத்த மீசை, கதவை அடைக்கிற தோள். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். ஒரு கண்ணில் பார்வை மங்கியதும் உரிமத்தைப் புதுப்பித்துத் தரவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். எஞ்சின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகியவர் என்பதால் ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"ஏணி ஏறுவேன். கனம் தூக்குவேன். கிட்டத்துல இருக்கறது நல்லாவே தெரியும். வேற என்ன கேக்கணுமோ கேளுங்க," என்றார்.

கேட்பதற்கு என்று சித்தி நாலைந்து கேள்விகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆச்சு."

"அப்ப நாளைக்கு வாங்க."

இப்படித்தான் அவளுடைய முதல் வேலையாள் அமைந்தார்.

அதற்கப்புறம்தான் கூத்து. ஆள் வைத்தால் வேலை குறையும் என்பார்கள். சித்திக்கு இரட்டிப்பானது. அவர் வருவதற்குள் கடையைப் பெருக்கி, துணிச் சுருள்களை அடுக்கி, அவருக்கென்று வாங்கிய முதுகு வைத்த நாற்காலியைத் துடைத்து வைத்துவிடுவாள். அவர் நுழைந்ததும் தேநீர். சற்று நேரத்தில் இன்னொரு தேநீர். துணிக்கட்டைத் தூக்க அவர் குனிந்தால், "இருக்கட்டும்ணே, அவசரமில்லை," என்பாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் தானே தூக்கி வைப்பாள். அவருக்கு இருப்புக்கொள்ளாது. மெஷினுக்கு எண்ணெய் விடுவார், கண்ணாடியைத் துடைப்பார், துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைப்பார். பக்கத்துக் கடைச் சாவிக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, மாப்பிள்ளை மறுவீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று சிரித்தாராம். லாரிக்காரர் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு சிறிய மருத்துவமனையிலிருந்து பெரிய வேலை வந்தது. பொது வார்டில் கட்டிலுக்குக் கட்டில் மறைப்புத் திரை, எல்லாச் சன்னல்களுக்கும் புதுத் திரை. இரண்டு பேரும் போனார்கள். அவர் ஏணியில் ஏறிக் கம்பி மாட்டினார். சித்தி கீழே நின்று பார்த்தாள். முதல் கம்பியே கோணல். மங்கிய கண் பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

"சரியா இருக்காம்மா?"

"நல்லா இருக்குண்ணே."

அன்று வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போனபின், சித்தி நர்ஸிடம் சொல்லிவிட்டு அதே ஏணியில் ஏறினாள். கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு, பழைய துளைக்கு மேல் புதுத் துளை போட்டு, கம்பியை நேராக்கிவிட்டு இறங்கினாள். அவர் மனம் நோகாமல் காரியத்தை முடித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரே திருப்தி.

மறுநாள் காலை அவர் வார்டுக்குள் நுழைந்ததும் அந்தச் சன்னலருகே நின்றுவிட்டார். கிட்டத்தில் இருப்பது நல்லாவே தெரியும் என்று சொன்னவர் அல்லவா? ஏணியில் ஏறி, மூடாத பழைய துளையை விரலால் தடவினார். இறங்கி வந்து ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"இதை யாரும்மா மாத்தினது?"

சித்தி முந்தானையைத் திருகினாள். "நான்தாண்ணே. லேசா கோணலா..."

"அந்தக் கையோடவா?"

அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவர் குரல், முதல் தடவையாக, தாழ்ந்திருந்தது.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்லுவாங்க. நான் வந்து எவ்வளவு நாளாச்சு? இன்னும் விருந்தாளியாத்தான் இருக்கேன். கோணலா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா கழட்டி மாட்டப் போறேன். அதுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு நான் உதவாதவனாப் போயிட்டேனா? வேண்டாம்மா. நான் நின்னுக்கறேன். நீங்க ஒரு கண்ணு நல்லா இருக்கற ஆளாப் பாத்துக்குங்க."

சித்திக்குக் கண் நிறைந்துவிட்டது. இரக்கம் என்று நினைத்துச் செய்ததெல்லாம் இவரைக் குத்தியிருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. தொழிற்சாலைக் கதையை அங்கேயே, நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடி சொன்னாள். மேசையில் ஓங்கி விழுந்த அடி, விரலில் ஏறிய ஊசி, எல்லாவற்றையும்.

அவர் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அதட்டறதும் சொல்றதும் ஒண்ணாம்மா? லாரியைப் பின்னால எடுக்கும்போது கிளீனர் கீழ நின்னு 'வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடிங்க, போதும்'னு கத்துவான். அவன் என்னைத் திட்டறான்னா நினைச்சேன்? அவன் சத்தம் குடுக்கலன்னா நான் சுவத்துல போய் மோதணும். மேல இருக்கறவனுக்குக் கீழ இருக்கற கண்ணுதாம்மா கண்ணு."

சித்தி மூக்கை உறிஞ்சினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, முந்தின நாளே அவர் கம்பி மாட்டியிருந்த இரண்டாவது சன்னலைப் பார்த்தாள்.

"அதுவும் கோணல்தாண்ணே. கழட்டுங்க," என்றாள்.

அவர் எழுந்து ஏணியை நகர்த்தினார். ஏறினார்.

"வலது பக்கம் தூக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்," என்று சித்தி சொன்னாள். குரல் மெலிந்துதான் வந்தது. மேலே கேட்கவில்லை. காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல், "வரட்டும், வரட்டும்!" என்று குரல் கொடுத்தார். பக்கத்துக் கட்டில் அம்மாள், "அய்யய்யோ, அவ்வளவு ஏத்தாதீங்க!" என்றாள். கொஞ்ச நேரத்தில் வார்டே ஆளுக்கொரு பக்கம் வழி சொல்ல, நர்ஸ் ஓடிவந்து எல்லோரையும் அடக்க வேண்டியதாயிற்று. "போதும்! நிறுத்துங்கண்ணே!" என்று சித்தி கத்தினாள். கத்தியது தான்தானா என்று தானே திகைத்துப் போனாள்.

அதன் பிறகும் அவள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதுகு வைத்த நாற்காலி அங்கேயே இருந்தது, தேநீரும் நிற்கவில்லை. ஆனால் காலையில் கடையைப் பெருக்கித் துணி அடுக்குவது அவர் வேலையாயிற்று. கம்பி மாட்டும்போது சித்தி கீழே நின்று சத்தம் கொடுப்பாள். அவளுடைய கையும் ஆறியது. சில வருஷம் கழித்து அவருக்குக் கண் அறுவை நடந்து பார்வை தெளிந்தது. பழைய லாரி முதலாளி திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பினார். சித்தி அன்று முழுக்க மெஷினில் தலை குனிந்தே இருந்தாள். போக வேண்டாம் என்று சொல்ல உரிமை இல்லை என்று நினைத்தாளாம். லாரிக்காரர் வந்தவரிடம், "இங்க மாட்ட வேண்டிய கம்பி நிறைய இருக்குப்பா," என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது.

போன மாதம் எங்கள் வீட்டுக்குப் புதுத் திரை மாட்ட இருவரும் வந்தார்கள். இப்போது ஏணியில் ஏறுவது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். சித்தியும் லாரிக்காரரும் கீழே நின்றார்கள். கம்பி இறக்கமாக இருக்கிறது என்றாள் சித்தி. இல்லவே இல்லை, வீட்டுக்காரர் கட்டின சுவரே கோணல் என்றார் அவர். வாக்குவாதம் முற்றியபோது அம்மா நடுவில் புகுந்து, ரெண்டு பேருக்கும் கண் சரியில்லை, நான் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, நீ சும்மா இரு," என்றாள் சித்தி, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர்கள் போனதும், வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அம்மா புகார் சொன்னாள்: "என் தங்கச்சி என்னைப் பாத்து என்ன சொன்னா தெரியுமா?" புகார் என்றுதான் பெயர். சொல்லும்போதெல்லாம் அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.