மஞ்சள் தடவாத கடிதங்கள்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஐயம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்து குண்டு குண்டாக, தெளிவாக இருக்கிறது என்று வாத்தியார் சொல்லுவார். என்னைப் பற்றி யாரும் பாராட்டிச் சொன்னது அது ஒன்றுதான். அந்தக் கையெழுத்தால்தான் எனக்கு இத்தனை கஷ்டமும் வந்தது என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நேரில் யாராவது கேட்டால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம், மகளுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தபோது, என் வீட்டுக்காரர் சீமைக்குப் படிக்கப் போனார். நூலுக்குச் சாயம் போடுவதைக் கல்லூரியில் வைத்துச் சொல்லித்தருகிற படிப்பு. இரண்டு வருஷம். படிப்புச் சம்பளம் கட்டாமல் இடம் கிடைத்திருந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. கடல் தாண்டின ஆள் உள்ள வீடு எங்களுடையது ஒன்றுதான். அவர் இருந்த ஊர் லண்டனிலிருந்து ரயிலில் பல மணி நேரமாம். தெருவுக்கு அது லண்டன்தான். கறிகாய் கொண்டுவருகிற அம்மாகூட, "லண்டன்காரர் சம்சாரம், கத்திரிக்கா பாரு, உங்க ஊட்டுக்காரர் ஊர்ல கெடைக்குமா இது?" என்று வாசலில் சத்தம் போடுவாள். நான் தலை குனிந்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவேன்.

போகும் முன்பு அவர் ஒரு காரியம் செய்தார். வெளிநாட்டுக்குப் போடுகிற நீலக் காகிதம் ஒரு கட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் தன் விலாசத்தை இங்கிலீஷில் தானே எழுதி வைத்தார். பின்பக்கம் எங்கள் விலாசமும் எழுதினார். வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் எழுத வராது. உள்ளே எழுதி, மடித்து, ஒட்டிப் போட வேண்டியது மட்டும்தான் எங்கள் வேலை.

எழுதுவது நான், சொல்லுவது மாமா, அதாவது என் மாமனார். அவருக்குக் கண்ணில் புரை விழுந்து, தறியைச் சின்ன மகனிடம் விட்டுவிட்டு, ராட்டையில் தறிக்கு ஊடை நூல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, "எங்கம்மா, காகிதம் எடுத்தா" என்பார். ராட்டை சுற்றிக்கொண்டே சொல்லுவார். ராட்டை நின்றால் யோசிக்கிறார் என்று அர்த்தம். நானும் பேனாவை நிறுத்திக்கொள்வேன்.

"எழுதிக்கோ. குளிர்ல காதைக் கட்டிக்கினு போ. ஊட்ல எல்லாரும் சௌக்கியம். பசு கன்னு போட்டுச்சி. உன் தம்பி போட்ட சேலைக் கரை ஒண்ணு கோணலாப் போச்சி, நான் ஒண்ணும் சொல்லல."

தறியிலிருந்து கொழுந்தனார் கத்துவார்: "ஒண்ணும் சொல்லலையா? மூணு நாளா அதானே சொல்லிக்கினு இருக்கறே! அண்ணி, அதை எழுதாதீங்க."

"எழுதும்மா நீ."

எழுதிவிடுவேன். கடைசியில் மாமா, "உன் பேர்ல ரெண்டு வரி போட்டுக்கோ" என்பார். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நான் என்ன எழுதுவேன்? 'நான் நலம். குழந்தை நலம்.' ஒவ்வொரு தடவையும் அதையேதான் எழுதினேன்.

ஒட்டின பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். மாமா மஞ்சளைக் குழைத்துத் தன் விரலால் காகிதத்தின் நாலு மூலையிலும் வைப்பார். மஞ்சள் வைப்பது கல்யாணக் கடிதத்துக்குத்தான் வழக்கம். பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், வெறும் காகிதம் போகக் கூடாது என்பது அவர் எண்ணம். கண் சரியாகத் தெரியாது, மூலையைத் தடவிப் பார்த்து வைப்பார். தபாலாபீஸில் இருந்தவர், "இன்னா பெரியவரே, மாசத்துக்கு ரெண்டு கல்யாணமா உங்க ஊட்ல?" என்று கேட்பாராம். மாமா அதை வந்து சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாம் வருஷம் மாசி மாதம் மாமா போய்விட்டார். காலையில் ராட்டைக்கு முன் உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வைத்தியர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும். அவர் வர முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும், கொழுந்தனார்தான் வைத்தார். தந்தியாவது அடிக்க வேண்டும் என்று காகிதம் எழுதினார்கள். அதை அனுப்பும் முன் அத்தை வேண்டாம் என்றார்கள். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"பரீட்சை வருதில்ல? சேதி தெரிஞ்சா கெளம்பி வந்துடுவான். வந்தா திரும்பிப் போவானா? உங்கப்பா சாவற வரைக்கும் அவன் முடிச்சிக்கினு வரணும்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. முடிக்கட்டும். அப்பறம் அழுவட்டும்."

"அப்பா லெட்டர் வரலன்னா அண்ணனுக்குச் சந்தேகம் வரும்மா" என்றார் கொழுந்தனார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எழுத்து அண்ணிது தானே. எப்பவும் போல எழுதட்டும்" என்றார் கொழுந்தனார்.

நான் முடியாது என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் அதுவரை எதற்கும் நான் முடியாது என்று சொன்னதில்லை. கருமாதி முடிந்த மறுநாள் ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செத்துப்போனவர் சொல்லுகிற மாதிரி எழுதினேன். 'குளிரில் காதைக் கட்டிக்கொண்டு போ. வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.' எழுத்து கொஞ்சம் கோணியது. மடித்து ஒட்டினேன்.

மஞ்சள் வைக்கவில்லை. கொழுந்தனாருக்கு அது நினைவில்லை. அத்தை மஞ்சளைத் தொடுகிற நிலையில் இல்லை. எனக்கு நினைவிருந்தது. சாவு விழுந்த வீட்டிலிருந்து மஞ்சள் வைத்துக் கடிதம் போடக் கூடாது, அதுவும் மாமா விரல் வைத்த இடத்தில் என் விரலை வைக்க எனக்கு மனசு வரவில்லை. பொய் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். மஞ்சள் வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் பார்த்துப் புரிந்துகொண்டால் புரிந்துகொள்ளட்டும் என்றும் மனசின் ஒரு மூலையில் இருந்தது.

அவரிடமிருந்து பதில் வந்தது. 'கடிதம் கிடைத்தது. விவரம் அறிந்தேன். படிப்பு நடக்கிறது.' மூன்று வரிகள். புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்தேன்.

அப்படிப் பதினோரு கடிதம் எழுதினேன். முதல் இரண்டைக் கொழுந்தனார் படித்துப் பார்த்தார். அப்புறம் தறி வேலையில் விட்டுவிட்டார். அதன் பிறகு நான் எழுதினதை ஒருவரும் பார்க்கவில்லை.

இதை எழுதவே இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மாமா மகனை 'நீ' என்பார், அதனால் நானும் 'நீ' என்று எழுதினேன். என் வாழ்நாளில் அவரை நான் 'நீ' என்றது அந்தக் காகிதங்களில் மட்டும்தான். என் பேரில் எழுத முடியாததெல்லாம் மாமா பேரில் வந்தது. 'சாப்பிட்டாயா? அங்கே அரிசி கிடைக்கிறதா? உன் மகள் உன் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு நடக்கிறாள்' என்று எழுதினேன். ஐந்தாவதிலோ ஆறாவதிலோ இப்படியும் எழுதிவிட்டேன்: 'உன் மனைவி வாய் பேசாதவள். ஆனால் உன் நினைப்பாகவே இருக்கிறாள். வந்ததும் அவளிடம் இரண்டு வார்த்தை பேசு.' எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். அடித்தால் அசிங்கமாகத் தெரியும். அப்படியே ஒட்டிவிட்டேன்.

ஒவ்வொரு தடவையும் அதே மூன்று வரிதான் பதில். அரிசி கிடைக்கிறதா என்று நாலு தடவை கேட்டேன். கிடைக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை வரவில்லை. மகளைப் பற்றியும் இல்லை. படிப்புச் சுமையில் இருக்கிறார் என்று அத்தையிடம் சொன்னேன்.

ஆவணியில் வந்தார். மீசை எடுத்திருந்தார், இளைத்திருந்தார். வாசலில் அத்தை வெறும் நெற்றியோடு நின்றிருந்தார்கள். அவர் அத்தையைப் பார்த்தார், கூடத்தில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார். அழவில்லை. ஆத்திரமாகக் கத்துவார் என்று கொழுந்தனார் பயந்து பின்னால் நின்றார். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"லெட்டர் எழுதினது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன்.

"செத்தவர் பேர்ல எழுத உனக்குக் கை கூசலையா?" என்றார்.

அத்தையோ கொழுந்தனாரோ நாங்கள்தான் எழுதச் சொன்னோம் என்று சொல்லுவார்கள் என்று காத்திருந்தேன். அத்தை அழ ஆரம்பித்தார்கள். அந்த அழுகையில் அது போய்விட்டது.

அன்றிலிருந்து நான் எழுதுவது எதையும் அவர் ஏற்கவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு லீவு கடிதம்கூட அவரேதான் எழுதினார். வெளியூர் போனால், வருவதற்குள் தேவைப்படும் என்று நாலு லீவு கடிதம் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் போவார். மளிகைச் சாமான் பேர்களை நான் சுவரில் கரியால் எழுதி, அவர் வருவதற்குள் அழித்துவிடுவேன். பால் பொங்கிவிட்டது என்று நான் சொன்னாலும், மகளைக் கூப்பிட்டு, "நெஜமாம்மா?" என்று கேட்பார். மகள் அதை விளையாட்டு என்று நினைத்தாள். சாயச் சாலையில் நல்ல வேலை, ஊரில் மரியாதை. வீட்டில் நாற்காலி போட்டுத் தனியாகச் சாப்பிடுவார், பாலில்லாத தேத்தண்ணீர் குடிப்பார். சீமை அவரை மாற்றிவிட்டது என்று தெருவில் பேசினார்கள்.

எனக்கு மட்டும் வேறு பயம். அந்த வரியைப் படித்துவிட்டார், மாமா பேரில் நானே என்னைப் பற்றி எழுதிக்கொண்டதைக் கண்டுபிடித்து அருவருத்துவிட்டார், அதனால்தான் இப்படி இருக்கிறார் என்று நினைத்தேன். ஏழு வருஷம் அந்த நினைப்போடுதான் அவருக்குச் சோறு போட்டேன்.

ஏழாம் வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடு ஒழுகி, அவருடைய சீமைப் பெட்டி மேல் தண்ணீர் சொட்டியது. அது அவர் பெட்டி, நான் தொட்டதில்லை. அவர் வேலைக்குப் போயிருந்தார். நனைந்து போகுமே என்று திறந்து கம்பளிக் கோட்டை எடுத்தேன். அடியில் நீலக் காகிதங்கள் இரண்டு கட்டாக இருந்தன. ஒரு கட்டில் எல்லாவற்றிலும் மஞ்சள் கறை. கத்தியால் ஒழுங்காகக் கீறிப் பிரித்திருந்தது, மடிப்பு நைந்து போகும் அளவுக்குப் படித்திருந்தது. இன்னொரு கட்டில் மஞ்சள் இல்லை. எண்ணினேன். பதினொன்று. நான் ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது. ஒன்றைக்கூட அவர் பிரிக்கவில்லை.

மழைச் சத்தத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அடுப்பில் சோறு அடிபிடித்த வாசனை வந்துதான் எழுந்தேன்.

அவர் வந்து, கால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்ததும் தேத்தண்ணீரோடு அந்தக் கட்டையும் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன்.

"ஓடு ஒழுகிச்சி. பொட்டி நனைஞ்சது" என்றேன். அப்புறம், "பிரிக்கவே இல்லையே" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தின் மூலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார், மாமா தடவுகிற மாதிரியே.

"மொத லெட்டர் வந்தன்னைக்கே தெரிஞ்சிபோச்சி. மஞ்சா இல்லாம அப்பா அனுப்ப மாட்டாரு."

"தெரிஞ்சுமா வரல?"

"பிரிச்சா நிச்சயமாத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா வந்தாவணும். வந்தா திரும்பப் போவ முடியாது." காகிதத்தைத் திருப்பிப் போட்டார். "பிரிக்காம இருந்தா, கண்ணு தெரியாததால மறந்துட்டாருன்னு நெனச்சிக்கலாமில்ல. அப்பிடி நெனச்சிக்கினுதான் பரீட்சை எழுதினேன்."

"அப்போ என்னை எதுக்கு..." என்றேன்.

"யாரையாச்சும் குத்தம் சொல்லணுமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு என்னைப் போலவே பேச வராது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று. அவர் கேட்டார்: "இன்னா எழுதியிருந்தே?"

சொல்லியிருக்கலாம். இப்போதே பிரித்துப் படியுங்கள் என்று தள்ளியிருக்கலாம். அந்த வரி உள்ளே இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாரே.

"எல்லாரும் சௌக்கியம்னுதான் எழுதினேன்" என்றேன்.

முதல் பொய் மற்றவர்கள் சொல்லச் சொன்னது. இதை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

அவர் தலையை ஆட்டினார். கட்டை என் பக்கம் நகர்த்தி, "நீயே வச்சிக்கோ" என்றார். என் புடவைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. பசை மட்டும் பழுப்பேறியிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து மகளுக்குக் காய்ச்சல். அவர் சட்டை மாட்டிக்கொண்டே, நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்து, "லீவு லெட்டர், நீ எழுது" என்றார். ஏழு வருஷத்துக்குப் பிறகு பேனாவைப் பிடித்தேன். குண்டு எழுத்தெல்லாம் போய்விட்டிருந்தது. எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. எழுதி முடித்து அவரிடம் கொடுத்தேன்.

அவர் படிக்காமலே கீழே கையெழுத்துப் போட்டார். என்னை நம்புகிறார் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார், அது எனக்குப் புரிந்தது. மகள் படுத்தபடியே அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுதினதை ஒரு தடவையாவது படித்துப் பார்த்திருக்கலாம் என்றுதான் எனக்கு இருந்தது.