ஓவர்சியர் செல்லையா கேட்ட ஒன்பது அங்குலம்

போன செவ்வாய்க்கிழமை காலை நான் வரைபலகையில் குனிந்திருந்தபோது பியூன் குட்டன் வந்து நின்றான். "சாரே, நம்ம செல்லையாண்ணன் பாலத்துல விழுந்து போயாச்சு. தீந்தாச்சு சாரே."

நான் கேட்ட முதல் கேள்வியை மறைக்க விரும்பவில்லை. "பாலத்தில் எந்த இடத்தில்?" என்றேன். கைப்பிடிக் கம்பி விட்டுவிட்டதோ என்று பயம். பாலத்தின் வரைபடம் என்னுடையது.

"படி நடுவுல உள்ள மேடையில. கம்பிக்கு ஒண்ணுமில்ல. சைக்கிளைத் தோளில வச்சிட்டு ஏறினாரு, நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்தாரு."

ஓவர்சியர் செல்லையா அவர்களை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாகர்கோவில்காரர். தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்த நம் தமிழ் ஆட்கள் நெருக்கியடித்து வாழும் இடம் அது. அங்கிருந்து சந்தைக்கோ வேலைக்கோ வர வேண்டுமானால் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் ஊரைச் சுற்ற வேண்டும். எல்லோரும் தாண்டினார்கள். ஒரு மழைக்காலையில் ஹோட்டல் தொழிலாளி ஒருவர் சைக்கிளோடு தாண்டும்போது ரயிலில் அடிபட்டு இறந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்லையா அவர்கள் ஒரு மனுவோடு வீடு வீடாக ஏறினார். மனு மலையாளத்தில். ஒவ்வொரு வாசலிலும் அதைத் தமிழில் சொல்லி, பிறகுதான் கைரேகை வாங்கினாராம். நடைமேம்பாலம் அப்படித்தான் அனுமதியானது.

அந்த நேரத்தில்தான் அவருடைய அலுவலகத்தில் நான் பொறியாளராகச் சேர்ந்தேன். படிப்பு முடித்த சூடு. வரைபடத்தைப் பத்து நாளில் முடித்து அவர் முன்னால் விரித்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"சாரே, இது படியில்ல, ஏணியாக்கும்."

"இடம் அவ்வளவுதான்."

"கொஞ்சம் சாய்ச்சுக் கட்டி, ஓரத்துல ஒன்பது அங்குலம் படியில்லாம வழுவழுன்னு விடுங்க. சைக்கிளை உருட்டிட்டே ஏறிரலாம்." மெட்ரிக் வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அவருக்கு அங்குலம்தான்.

சாய்த்துக் கட்டினால் படி ஆறடி நீளும். அங்கே ஒரு லாட்ஜின் மதில் நின்றது. மதிலைத் தள்ளி வைக்கக் கடிதம் எழுதி, பதில் வாங்கி, இன்னும் அரை வருடம் போய்விடும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. "முதலில் மனுஷன் ஏறட்டும் ஓவர்சியர். சைக்கிளைப் பிறகு பார்ப்போம்" என்றேன்.

"அந்தக் கரையில வெறுங்கையோட நடந்து வாறவன் ஆரு இருக்கான்? வாழைக்குலைக்காரனுக்குக் குலை சைக்கிள்ல. கொத்தனுக்குச் சட்டியும் மம்பட்டியும் சைக்கிள்ல. சார் ஸ்கூட்டர்ல வாறதுனால கண்ணுல படல்லியாக்கும்."

வரைப்பிரிவே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. அன்று மாலையே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். அனுமதி வந்தது. பாலமும் வந்தது. ரிப்பன் வெட்டினார்கள், நாரங்கா வெள்ளம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். மறுநாள் காலையில் பாலம் காலியாக நின்றது. சைக்கிள்காரர்கள் கீழே தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

செல்லையா அவர்கள் தினமும் காலையில் அங்கே போய்க் கை விரித்து வழி மறித்தார். வாழைக்குலைக்காரர் ஒருவர் கேட்டாராம்: "ஓவர்சியரே, பாலம் பாலம்னு கைநாட்டு வாங்கினது நீருதானே? முதல்ல நீரு தூக்கிக் காட்டும், பாப்போம்."

தூக்கிக் காட்டினார். அன்று முதல் காலையும் மாலையும், சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு படி. சிலர் கைதட்டினார்கள். சிலர் பின்னால் ஏறினார்கள், பெரும்பாலோர் ஏறவில்லை. "சுமடு எடுக்க ஓவர்சியருக்குத் தனிச் சம்பளம் உண்டோ?" என்று அலுவலகத்தில் கேலி. "உண்டு, சார் பாஸாக்கித் தருவாரு" என்று என் பக்கம் கையைக் காட்டுவார். நானும் சிரித்து வைத்தேன்.

போன மாதம் ஒரு மாலை, கீழே சாலையில் போகும்போது நடுமேடையில் அவரைப் பார்த்தேன். சைக்கிளைத் தோளிலிருந்து இறக்கியிருந்தார். ஒரு கை கம்பியில். மறு கை துண்டால் சைக்கிள் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தது. சீட்டில் தூசி ஒன்றும் இருந்திருக்காது.

"என்ன ஓவர்சியர்?" என்று ஸ்கூட்டரை நிறுத்தாமல் கத்தினேன்.

"ஒண்ணுமில்ல சாரே. இங்க நல்ல காத்து."

நான் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது அவரை எடுத்துப் போயிருந்தார்கள். சைக்கிள் கம்பியில் சாய்ந்து நின்றது. கேரியரில் சோற்றுத் தூக்கு. அவர் வீட்டில் சேர்க்க வேண்டுமே என்று தோளில் ஏற்றினேன். பெடல் முதுகில் இடித்தது, ஹாண்டில் திரும்பிக் கன்னத்தில் அடித்தது. அந்தக் கரைக்கு இறங்குவதற்குள் இரண்டு தடவை கீழே வைத்தேன். எனக்கு வயது இருபத்தாறு. அந்தப் படியில் என் வரைபடத்தைத் தவிர வேறு பாரத்தை நான் அதுவரை ஏற்றியதில்லை.

அவர் மனைவி வாசலுக்கு வந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தார்கள். "இத எதுக்கு இங்க கொண்டாந்திய? இனி இதத் தூக்க வீட்டுல ஆளில்ல." தூக்கை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். இன்னும் கனமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை புது வரைபடம் போட்டேன். மதில் ஆறடி தள்ளி, படி சாய்ந்து, ஓரத்தில் ஒன்பது அங்குலம். நேற்று அது ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: முதல் வரைபடத்திலேயே இது ஏன் சேர்க்கப்படவில்லை? "ஓவர்சியர் கேட்டார். நான் மறுத்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அது மேலே போயிருக்கிறது. எப்போது இறங்கும், இறங்குமா என்று தெரியாது. இன்று காலையும் எல்லோரும் தண்டவாளத்தில்தான் போனார்கள். மறிக்க ஆளில்லை.

செல்லையா அவர்களே, நீங்கள் கேட்டது இப்போது தாளில் இருக்கிறது. தரையில் வரும்வரை அந்தக் காகிதத்தின் பின்னால் நான் அலைகிறேன். நீங்கள் சைக்கிளை இறக்கி வையுங்கள்.