பேர் இல்லாதவளுக்கு அடித்த மணி

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுதச் சொன்ன உறவினர்கள், "பழைய சண்டையை எல்லாம் கிளறாதே" என்றும் சொன்னார்கள். மன்னிக்கவும். அம்மா வாழ்ந்ததைத்தான் என்னால் எழுத முடியும்.

அம்மா மண்ணூரில் பிறந்து, வல்லம் வடகால் கிராமத்தை ஒட்டிய எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. அடுத்த வருஷமே அப்பாவும் காலமானார். நாற்று நட்ட வயலில் எழும்பிய கம்பெனியின் கேன்டீனிலேயே அம்மா சோறு வடிக்கப் போனார். அழுதாரா என்றால், அழுதார். அழுதுகொண்டே என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்.

கேன்டீனுக்குச் சாப்பிட வரும் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள் அம்மாவிடம் ஒட்டிக்கொண்டார்கள். ஹாஸ்டலில் தங்கி, கம்பெனியின் உற்பத்தி லைனில் நின்று வேலை பார்க்கிற பிள்ளைகள். ஞாயிறு லீவு கிடைத்தவர்களை அம்மா கோயிலுக்கு இழுத்து வந்துவிடுவார். யூனிஃபார்மோடு வந்து, பாட்டெல்லாம் பாடிவிட்டு, பிரசங்கத்தின்போது தூங்குவார்கள். யாராவது முறைத்தால் அம்மா திருப்பி முறைப்பார்.

அவர்களில் ஒருத்தி காய்ச்சலில் இறந்துபோனாள். உடலை ஊருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்து நின்றது. கூடவே வேலை பார்த்த அவள் அக்கா, "கோயில்ல ஒரு ஜெபம் மட்டும் பண்ணிட்டுக் கொண்டு போயிருதோம்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. துக்க மணி அடித்தால் வீட்டுக்கு ஒருவராவது கோயிலுக்கு வந்தாக வேண்டும். ஆயர் ஜெபிக்காமல் உடல் நகரக் கூடாது. ஆனால் மணி சபையாருக்கு மட்டும்தான்.

"அந்தப் பொண்ணுக்கு நம்ம சபைல பேரே இல்லம்மா. மணி அடிக்க முடியாது" என்றார் சபைச் செயலாளர்.

"இன்னாண்ணே பேசற நீ? பாட்டு பாடறப்ப நம்ம பொண்ணு, செத்தா வெளியாளா? ஜெபம் பண்றோம், வேதம் படிக்கிறோம், ஒண்ணா உக்காந்து அப்பம் பிட்டுக்கினு சாப்புடறோம், அழறவங்க பக்கத்துல போய் நிக்கிறோம். இதுக்குத்தான் கோயிலு. இதுல ஒண்ணு கொறஞ்சாலும் அது வெறும் கட்டடம்தான்" என்றார் அம்மா.

அவர் பதில் சொல்லும்வரை அம்மா காத்திருக்கவில்லை. நேரே போய்க் கயிற்றைப் பிடித்து மணியை அடித்துவிட்டார்.

ஊரே திரண்டு வந்தது. யார் போனது, யார் போனது என்று கேட்டவர்களிடம், "நம்ம சபைப் பொண்ணு" என்றார் அம்மா. வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. ஆயர் அங்கியை மாட்டிக்கொண்டு வந்து ஜெபித்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த அக்காவைக் கட்டிக்கொண்டு அழுததை நான் பார்த்தேன்.

அதற்காகச் சபை நிர்வாகிகள் அம்மாவை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அம்மாவிடமிருந்த பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி பொறுப்பைப் பறித்தார்கள். கடைசிவரை திருப்பித் தரவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார், அந்தப் பெண்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

சிறுநீரகம் கெட்டு அம்மா படுத்தபோது வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த ஆயருக்கும், அடக்கத்துக்கு வந்து கடைசிவரை நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செயலாளரும் வந்து நின்றார்; அவருக்கும் நன்றி.

ஷிப்டை மாற்றிக்கொண்டு, முறை வைத்து, அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, கஞ்சி ஊட்டிய ஹாஸ்டல் பெண்களுக்கு மட்டும் நான் நன்றி சொல்லப்போவதில்லை. தாய்க்குச் செய்ததற்கு யாராவது நன்றி வாங்குவார்களா? இம்மலரின் கடைசிப் பக்கத்தில் 'மகள்கள்' என்ற இடத்தில், என் பெயருக்குக் கீழே அவர்கள் பெயர்களைப் போட்டிருக்கிறேன். "எடுத்துடும்மா, சொந்தக்காரங்க கேப்பாங்க" என்றார் பெரியப்பா.

கேட்கட்டும். மகள்களில் நான்தான் மூத்தவள். பதில் நான் சொல்கிறேன்.