முத்துக்கருப்பனின் பல் பட்ட விரல்

வெலிமடை லொறியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளை என் கடைக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். நமுனுகுல பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "முதலாளி, நம்ம முத்துக்கருப்பன் அண்ணன் விடியக்காலையில தவறிட்டாருங்க" என்றார்.

"நல்லாப் பாத்தாங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு.

முத்துக்கருப்பன் ஆஸ்பத்திரிச் சிப்பந்தி. தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் நோவைச் சிங்கள டாக்டருக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தொடையைப் பிளந்த ஒருவன் மேசையில் கிடந்து அலறிய நாளில், வேலை முடிந்து நேரே என் கடைக்கு வந்தார்.

"எவ்வளவு வலின்னு டாக்டர் கேட்டாரு. சொன்னேன். ஆனா எனக்கு வலிக்கலையே, அப்புறம் நான் சொன்னது எப்படிச் சரியாகும்?"

"வெட்டுனா எல்லாருக்கும் ஒரே வலிதானே. றாத்தல்னா எந்தக் கடையிலயும் றாத்தல்தான்."

"வலிக்குத் தராசு இல்லைங்க முதலாளி."

தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது பதுளைக் கடைத்தெருவுக்குள் தடிகளோடு கூட்டம் புகுந்த பகலிலும் அவர் என் கடையில்தான் இருந்தார். "தெரிஞ்ச மனுசங்கதான், பேசிப் பாக்குறேன்" என்று இறங்கினார். சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசினார். மூன்றாவது வருமுன் இரும்புக் கம்பி தலையில் இறங்கியது. தேங்காய் உடைந்த சத்தம். விழுந்தவரை மிதித்தார்கள். நான் கடைப் பலகைகளைப் போட்டுத் தாழிட்டேன். அவர் வெளியே கிடக்கிறார் என்று தெரிந்துதான் போட்டேன்.

அதன்பின் ஆஸ்பத்திரியில் பல நாள் அசைவில்லை, பேச்சில்லை. நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் பால் ஊற்றி அனுப்புவது நம் வழக்கம்.

"பேசுறது அவருக்குக் கேக்குமோ ஐயா?" என்றாள் அவர் மனைவி செல்லம்மா.

"கட்டைக்கு ஏதும்மா காது? ஊத்துங்க, போகட்டும்."

முதல் கரண்டியை நானே ஊற்றினேன். உதட்டைப் பிரிக்க விரலை விட்டேன். பற்கள் எலும்புவரை இறங்கின. வலி தாங்காமல் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். மறுபடி அறைந்தேன். விடவில்லை. பாலும் என் ரத்தமும் அவர் மோவாயில் வழிந்தன.

பேச்சுத் திரும்ப மாதங்களாயின. "பலகை போட்டதும் கேட்டுச்சு, கட்டைன்னதும் கேட்டுச்சு" என்றார். "உள்ள கத்திக்கிட்டேதான் கெடந்தேன், ஒண்ணும் வெளிய வரலை. கடைசியில பல்லுதான் ஒத்தாசைக்கு வந்துச்சு."

"எம்மேல கோவமா, முத்து?"

"வலிச்சுச்சா முதலாளி?"

"உயிரே போச்சு."

"எவ்வளவு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் சிரித்தார். கோபமா இல்லையா என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.

அடக்கத்தன்று செல்லம்மா வாய்க்கரிசித் தட்டை என்னிடம் நீட்டினாள். அரிசியைப் போட்டுவிட்டு, அதே விரலை அவர் பற்களுக்கிடையில் வைத்தேன்.

"முதலாளி, நேரமாகுது" என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

"இருங்கப்பா, ஐயா பாத்துக்கட்டும்" என்றாள் செல்லம்மா.

பற்கள் குளிர்ந்திருந்தன. கடிக்கவில்லை.

நகம் முளைக்காத அந்த விரல் என்னிடம் இருக்கிறது. பேசாமல் கிடக்கிறவர் முன்னால் நான் இப்போதெல்லாம் வாயை அடக்கிக்கொள்கிறேன். மழை நாட்களில் விரல் விண்ணென்று தெறிக்கும். எவ்வளவு என்று எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.