ரிங்க் மூடிய ஞாயிற்றுக்கிழமை

சித்தப்பாவுக்கு ஸ்கேட்டிங் தெரியாது. டொரன்டோவின் திறந்தவெளி ஐஸ் ரிங்க் ஒன்றை ஒரு குளிர்காலம் முழுவதும் பராமரித்த மனிதர், அதன்மேல் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தாரா வாத்து மாதிரிக் காலை அகட்டித்தான் நடந்தார். இதைச் சொல்லி எங்கள் வீட்டில் பல வருடங்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வீட்டில் சிரிக்க உரிமையில்லாதவன் நான் ஒருவன்தான். இந்த வயதிலாவது அதை எழுதிவைக்க வேண்டும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. இந்த நகரத்தில் ஒரு தமிழ்க் கடைகூட இல்லாத காலம். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் அப்பா, அம்மா, நான். வரவேற்பறை சோபாவில் அப்பாவின் தம்பி. சித்தப்பாவின் மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தார். தான் புறப்பட்டு வந்தபின் பிறந்த மகளைச் சித்தப்பா படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார். அந்தக் குளிர்காலத்துக்கு மட்டும் அவருக்குப் பக்கத்துப் பூங்கா ரிங்கில் வேலை கிடைத்திருந்தது. சிக்கல் இல்லாமல் பனிக்காலம் முடிந்தால் கோடையில் பூங்கா வேலையில் நிரந்தரமாக்குவதாக ஃபோர்மன் சொல்லியிருந்தார். நிரந்தர வேலை இருந்தால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிட முடியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

ரிங்க் என்பது பெரிய சீமெந்துத் தளம். அதற்குள் புதைத்த குழாய்கள் குளிரூட்ட, மேலே விட்ட தண்ணீர் உறைந்து கிடக்கும். சித்தப்பா பனியை வழித்து ஒதுக்குவார். சின்னப் பிள்ளைகளின் நேரம் வந்ததும் ஹாக்கி விளையாடும் பெடியன்களை வெளியே அனுப்புவார். மாலையில் எல்லோரும் போனபிறகு குழாயைப் பிடித்து, மெல்லிய படையாகத் தண்ணீர் தெளித்துவிட்டு வருவார். ஒரு பிளாஸ்க் எப்போதும் கையில் இருக்கும். அதில் இருப்பது வெறும் சுடுதண்ணீர். காலையில் உறைந்துபோன கேற்றுப் பூட்டின்மேல் ஊற்றுவதற்கு.

இரவுச் சாப்பாட்டின்போது அவருக்கு வேறு பேச்சே கிடையாது.

"அண்ணி, ஒரு சருகு விழுந்தாக் காணும். கறுப்பு நிறத்திலை வெயில் பிடிக்கும். மத்தியானத்துக்குள்ளை ஐஸை உருக்கித் தன்ரை அளவுக்குக் கிடங்கு கிண்டிப்போடும்."

"உமக்குக் கனவிலையும் ஐஸ்தான் வருமாக்கும்," என்பார் அம்மா.

நான் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. சோறும் மீன்குழம்பும் கரியரில். ஹாக்கிப் பெடியன்களில் என் வகுப்பில் படித்தவர்களும் இருந்தார்கள். என்னைக் கண்டதும் மூக்கைப் பொத்துவார்கள். ஒருவன் சித்தப்பாவைப் போலக் காலை அகட்டி நடந்து, தாராவைப் போலக் கத்திக் காட்டுவான். என்றாவது வெயில் கூடி ஐஸ் இளகினால் ரிங்கை மூடிவிடுவார்கள். சித்தப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். அப்படி ஒரு மூடிய ஞாயிறுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு மேல் எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அவ்வளவு சிறிய காரணம் என்பதுதான் இன்றும் சுடுகிறது.

அம்மா தேயிலையோடு ஏலக்காய் தட்டிப்போட்டுத்தான் தேத்தண்ணி போடுவார். வடித்த சக்கையை ஒரு கிழமையாக ஒரு பையில் சேர்த்தேன். சனிக்கிழமை பொழுது படும் நேரம், ரிங்கின் தூர மூலையில், விளக்கு வெளிச்சம் எட்டாத இடத்தில் அதைத் தூவினேன். பிறகு மரத்தடியில் நின்று பார்த்தேன். சித்தப்பா குழாயோடு வந்தார். ஏதோ முணுமுணுத்தபடி, தான் செய்வது இன்னதென்று தெரியாமல், என் சக்கையின் மேல் தண்ணீரைத் தெளித்து அதை ஐஸுக்குள் பத்திரமாக மூடிவைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் நல்ல வெயில். நான் கரியரோடு போனபோது ரிங்க் மூடியிருக்கவில்லை. மூலையில் கூட்டம் நின்றது. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண், நாலைந்து வயது இருக்கும், ஸ்கேட்டிங் சப்பாத்து, ஐஸ் உருகி விழுந்த கிடங்கொன்றில் சிக்கி முகம் அடிபட விழுந்திருந்தாள். தாடை பிளந்திருந்தது. சித்தப்பா அவளைத் தூக்கிக்கொண்டு, வழுக்கி விழாமல், தாரா நடையில் வந்தார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

தாய் அவளை வாங்கிக்கொண்டு ஓடினாள். ஃபோர்மன் வந்தார். சித்தப்பா அதற்குள் திரும்பிப்போய்க் குந்தியிருந்து, கிடங்குக்குள் இருந்ததை நகத்தால் கிண்டி எடுத்து மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். கரியரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மை ரீ, சேர்," என்றார் ஃபோர்மனிடம். "ஐ துரோ."

தான் குடித்த தேத்தண்ணியைத் தானே கொட்டியதாகத் தன் பிளாஸ்க்கைத் தூக்கியும் காட்டினார். ஃபோர்மன் கத்தவில்லை. சாவிக்குக் கையை நீட்டினார், அவ்வளவுதான்.

பிளாஸ்க்கில் சுடுதண்ணீர்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் நினைத்தது இதுதான்: சித்தப்பாவுக்கு இங்கிலிஷ் வராது, கேட்டது விளங்காமல் எதையோ உளறிவிட்டார். எனக்கு அவரை நினைக்க வெட்கமாகக்கூட இருந்தது.

அவர் வடக்கே ஒரு சுரங்க ஊருக்குப் போய் உணவகத்தில் கோப்பை கழுவினார். மகளுக்குப் பத்து வயதானபோதுதான் அவர்களைக் கூப்பிட முடிந்தது. விமான நிலையத்தில் அந்தப் பிள்ளை, நரைத்துப்போய் முன்னால் நின்றவரிடம், "அங்கிள், அப்பா வரேல்லையோ?" என்று கேட்டாள். அப்பா சாகும்வரை தம்பியைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: "குடிச்ச தேத்தண்ணியை எங்கை ஊத்திறதெண்டு தெரியாதவன்." கல்யாண வீடுகளில், பிறந்தநாள் வீடுகளில், சித்தப்பா எதிரில் இருக்கவே சொல்வார். எல்லோரும் சிரிப்போம். சித்தப்பாவும் சிரிப்பார், என் பக்கம் பார்க்காமல். நான் படித்தேன், பட்டம் வாங்கினேன், மற்றப் பிள்ளைகளுக்குக் கற்பித்து ஓய்வும் பெற்றேன். அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்த என் வாய் திறக்கவில்லை. போன மார்கழியில் மார்க்கம் நகரில், தன் மகள் வீட்டில் அவர் இறந்தார். இனித் திருத்திப் பயனில்லை.

அந்த ஞாயிறு நாங்கள் வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் கரியரை என் கையிலிருந்து வாங்கித் தானே தூக்கிக்கொண்டார். பெடியன்கள் வேலியோரம் நின்றார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வீட்டில் அம்மா ஆச்சரியப்பட்டு மேசையில் சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்தார். சித்தப்பா வெகுநேரம் கைகழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் மீன் துண்டில் முள்ளை எடுத்துவிட்டு என் கோப்பையில் வைத்தார்.

"ஒவ்வொரு ஞாயிறும் ரிங்க் பூட்டினா நல்லா இருக்கும், என்ன சித்தப்பா?" என்றேன்.

"ஓம் தம்பி," என்றார். "இனி நீ சாப்பாடு கொண்டுவரத் தேவையில்லை."

நினைத்தது நடந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.